வெற்றுத்தாளில் ஒரு பிஞ்சுக் கையெழுத்து

செல்போன் திருட்டுப் புகார் வந்தால் தெருவில் கையில் சிக்கிய பையனை பைக்கில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவது இன்றும் நடக்கிறது. சட்டம் இதற்கு இடம் தரவில்லை. பிடிபட்ட சிறாரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். 2016 மாதிரி விதிகளின்படி விலங்கு கூடாது, காவல் அலுவலர் சீருடையில் இருக்கக் கூடாது, விசாரணையின்போது பெற்றோர் உடனிருக்கலாம். எந்த வாக்குமூலத்திலும் பிள்ளையிடம் கையெழுத்து வாங்கக் கூடாது.

எனக்கு இந்தக் கடைசி விதிதான் உயிர்நாடியாகப் படுகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு, பசியோடு, நாலு பெரிய ஆட்கள் சூழ நிற்கும் பதினான்கு வயதுப் பையன், “கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம்” என்றால் எதிலும் போட்டுவிடுவான். வெற்றுத்தாளில்கூட.

ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி சார்பு ஆய்வாளர் (ASI) நிலைக்குக் குறையாத குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவரை நியமிக்க வகை செய்கிறது சட்டம். அவர் யார் என்று கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. கேளுங்கள். அவர் பெயரை வாசலிலேயே பெரிதாக எழுதி வைக்கட்டும் காவல்துறை.