நெருப்பு உருண்டை ஃபார்வர்டு

காடாம்புலியூர்ப் பக்கம் வானம் இருட்டினா போதும், வாட்ஸ்அப்பில் வந்துடும்: "நெருப்பு உருண்டை தெரிஞ்சா பேரழிவு வரும். சுனாமிக்கு முன்னாடியும் தெரிஞ்சுது!"

பந்து மின்னல் பொய்னு நான் சொல்லல. 2012-ல் சீனாவில் சாதா மின்னலைப் பதிவு பண்ணிட்டிருந்த கேமராவில் தற்செயலா ஒண்ணு சிக்குச்சு. ரெண்டு நொடிகூட நிக்கல. அந்த ஒளியைப் பிரிச்சுப் பார்த்தா சிலிக்கான், இரும்பு, கால்சியம். எல்லாம் மண்ணில் இருக்கிற சரக்கு. எப்படி உருவாகுதுங்கிற விவாதம் இன்னும் முடியல. ஆனா சுமத்ரா கடலடியில் நிலம் நகர்ந்து வந்த சுனாமிக்கும் நம்மூர் இடிக்கும் என்னங்க சம்பந்தம்?

எனக்குக் கோபம் வேற இடத்தில். 2025 அக்டோபரில் நம்ம மாவட்டத்திலேயே, வேப்பூர் பக்கம் கழுதூரில், வயல்வேலை செஞ்ச நாலு பெண்கள் மின்னல் தாக்கி இறந்தாங்க. உருண்டை இல்ல, சாதா மின்னல். நாட்டில் வருஷத்துக்கு 2,000 பேருக்கு மேல சாகடிக்கிறது அதுதான். நாம முந்திரி மரத்தடியில் ஒதுங்கி, உருண்டை தெரியுதான்னு ஃபோனைத் தூக்கிப் பிடிக்கிறோம்!

ஒருத்தரைக் கொண்டுவந்தாங்க. "தொட்டா ஷாக் அடிக்கும்னு கிட்ட போகல டாக்டர்"னாங்க. இடி விழுந்தவர் உடம்பில் கரண்ட் தங்காது. தாராளமா தொடலாம். நாலஞ்சு பேர் விழுந்திருந்தா, பேச்சுமூச்சு இல்லாதவரைத்தான் முதல்ல பார்க்கணும், கத்துறவர் பிழைச்சுக்குவார். இதயம் தானா திரும்பத் துடிக்கலாம், மூச்சு திரும்ப நேரமாகும். அதுவரை நெஞ்சை அழுத்தி, வாயோடு வாய் வெச்சு ஊதணும். இன்னொருத்தர் 108-க்குக் கூப்பிடுங்க.

உருண்டை ஃபார்வர்டு வந்த அதே குரூப்பில் இதையும் போடுங்க.