"போய் மாத்திக்கலாம்" என்று சொல்பவர் விசா மாற்றித் தரமாட்டார்



நீளமான பதிவு. டுபாய்ப் பக்கம் டீச்சிங் வேலைக்குப் போகக் காத்திருக்கும் பிள்ளைகளும், காசு புரட்டிக் கொடுக்கும் உம்மா வாப்பாமாரும் பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள்.

ஊரில் இப்போது எந்த வட்ஸ்அப் குழுமத்தைத் திறந்தாலும் இதுதான். "ஜொப் விசாவில போங்க, 2 மாசம் டைம் இருக்கு, ஸ்கூல்ல சேர்ந்த உடனே டீச்சர் விசாவா மாத்திக்கலாம்." சொல்பவர் ஏஜென்ட் கூட இல்லை. ஏஜென்டுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர். அவருக்கு லைசன்ஸும் இல்லை, பொறுப்பும் இல்லை. நாளைக்கு ஏதும் நடந்தால் போனும் வேலை செய்யாது.

முதலில் அந்த "ஜொப் விசா" என்ன என்று பார்ப்போம். ஐக்கிய அரபு இராச்சியத்தில் வேலை தேடுவதற்கென்றே ஒரு விசா உண்மையில் இருக்கிறது. 2022 ஒக்டோபரில் வந்த புதிய விசா முறையோடு அறிமுகமானது. 60, 90, 120 நாட்கள் என்று மூன்று வகை. யாருடைய ஸ்பொன்சரும் தேவையில்லை. ஆனால் குறைந்தது பட்டதாரியாக இருக்க வேண்டும். அந்நாட்டுத் தொழில் அமைச்சு வகுத்திருக்கும் முதல் மூன்று திறன் படிகளில் ஒன்றில் இருக்க வேண்டும், அல்லது உலகின் சிறந்த 500 பல்கலைக்கழகங்களில் ஒன்றிலிருந்து புதிதாக வெளியேறியவராக இருக்க வேண்டும். பட்டச் சான்றிதழை அத்தாட்சிப்படுத்தித்தான் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

எமது பிள்ளைகள் கையில் கொண்டு வந்து காட்டும் தாள் பெரும்பாலும் இது இல்லை. சாதாரண விசிட் விசா. சுற்றிப் பார்க்கப் போகிறவருக்குக் கொடுப்பது. அதற்கு "ஜொப் விசா" என்று பெயர் சூட்டி, உண்மை விலையை விடப் பல மடங்கு வாங்குகிறார்கள். ஆங்கிலம் படித்த, பட்டம் எடுத்த பிள்ளை கூடத் தாளின் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்காமல் காசைக் கட்டுகிறது. இது எமக்குப் பெரிய ஆச்சரியம்.

சரி, உண்மையான வேலை தேடும் விசாவே கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அது வேலை தேட மட்டும்தான். வேலை செய்ய அல்ல. ஒரு நாள் கூட வகுப்பெடுக்க அதில் அனுமதி இல்லை.

இங்கேதான் எமக்குக் கோபம் வருகிறது. "முதல் ஒரு மாசம் ட்ரயல், பிள்ளைகளோட பழகிப் பாருங்க, பிறகு விசா அடிப்போம்" என்று சொல்லும் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. நேர்காணலில் பத்து நிமிடம் மாதிரிப் பாடம் எடுக்கச் சொல்வது வேறு, அது நியாயம். ஒரு தவணையின் பாதியை இலவசமாகவோ கைச்செலவுக் காசுக்கோ படிப்பிக்க வைப்பது வேறு. வேலை அனுமதி இல்லாமல் ஒருவரை வேலைக்கு வைத்தால் அந்நாட்டில் 2024இல் திருத்திய சட்டப்படி தண்டம் 1 இலட்சம் திர்ஹத்திலிருந்து 10 இலட்சம் திர்ஹம் வரை. அது நிர்வாகத்துக்கு. அனுமதியில்லாமல் வேலை செய்து பிடிபட்ட டீச்சரை நாட்டை விட்டே அனுப்பலாம். அதனால் சம்பளம் தராவிட்டாலும் அவள் வாய் திறந்து முறையிடப் பயப்படுவாள். அந்தப் பயம் தெரிந்துதான் ட்ரயல் என்கிறார்கள்.

விசா எப்படி மாறும் என்ற ஒழுங்கைத் தெரிந்து வைத்திருந்தால் இந்த ஏமாற்று பாதி குறையும். பள்ளிக்கூடம் முதலில் தொழில் அமைச்சின் ஊடாக ஒபர் லெட்டர் தர வேண்டும். அதில் பதவி, சம்பளம், வீட்டுப்படி எல்லாம் எழுதியிருக்கும். நாம் கையெழுத்து வைத்த பிறகு வேலை அனுமதிக்கு விண்ணப்பிப்பதும் பள்ளிக்கூடம்தான். அது வந்தபின்தான் நாட்டுக்குள் இருந்தபடியே விசிட் நிலையை மாற்றுவார்கள். பிறகு இரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, எமிரேட்ஸ் அடையாள அட்டைக்குக் கைரேகை, கடைசியில் வதிவிட விசா. இந்த வரிசையில் ஏஜென்ட் செய்யும் வேலை என்று ஒன்று எங்காவது இருக்கிறதா? விசாவை மாற்றுபவர் தொழில் தருபவர் மட்டுமே. செலவும் அவருடையது. 2021ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் தொழில் சட்டம் 6ஆம் பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஆள் சேர்க்கும் செலவை நேரடியாகவோ மறைமுகமாகவோ தொழிலாளியிடம் அறவிடக் கூடாது. "விசா சார்ஜை முதல் மூணு மாசச் சம்பளத்தில வெட்டுவோம்" என்றால் அது சட்ட மீறல். எம்மவர் அதையும் "நல்ல ஸ்கூல், தவணையில வெட்டுறாங்க" என்று புகழ்கிறார்கள்!

இனி ஆசிரியருக்கென்றே உள்ள தடை. கடையில் கணக்குப் பார்க்கப் போகிறவருக்கு வேலை அனுமதி போதும். டீச்சருக்கு அது போதாது. கல்வி அதிகார சபையின் அங்கீகாரமும் வேண்டும். டுபாயில் கேஎச்டிஏ, அபுதாபியில் அடெக், சார்ஜாவில் அதற்கென ஒரு சபை. பட்டம் எந்தப் பாடத்தில், கற்பித்தல் தகைமை உண்டா, பொலிஸ் நற்சான்று உண்டா என்று அவர்கள் பார்ப்பார்கள். பட்டச் சான்றிதழ் முதலில் எமது வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவிலும், பிறகு கொழும்பிலுள்ள அவர்களது தூதரகத்திலும், பிறகு அங்குள்ள வெளிநாட்டமைச்சிலும் முத்திரை பெற வேண்டும். இதில் முதல் இரண்டும் இங்கே நடக்கும் வேலை. அங்கே போய்க் கட்டில் ஒன்றுக்கு வாடகை கொடுத்துக்கொண்டு, நாளை எண்ணிக்கொண்டு, "வாப்பா, சேர்ட்டிபிகேட்டை எடுத்துக்கிட்டு கொழும்புக்குப் போங்க" என்று போனில் அழுதால் வயதான மனிதர் சம்மாந்துறையிலிருந்து பத்தரமுல்லைக்கு எத்தனை தடவை பஸ் ஏறுவார்?

இதைவிட வலிக்கும் விசயம் ஒன்று. கல்வியியற் கல்லூரியில் மூன்று வருடம் பயின்று டிப்ளோமாவோடு வந்த பிள்ளைகள் எம்மிடையே ஏராளம். வகுப்பறையில் அவர்களைப் போல் கெட்டிக்காரரைக் காண்பது கஷ்டம். ஆனால் அங்கே கேட்பது பட்டம். டிப்ளோமாவை மட்டும் வைத்து டீச்சர் அங்கீகாரம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மௌலவிமாருக்கும் இதேதான். தனியார் பள்ளிகளில் முஸ்லிம் மாணவருக்கு இஸ்லாமும், எல்லோருக்கும் அரபும் கட்டாயப் பாடங்கள் என்பது உண்மை. அதற்காகப் பட்டமில்லாமல் மத்ரஸாச் சான்றிதழை மட்டும் சுருட்டிக்கொண்டு விமானம் ஏறக் கூடாது. இப்படிப் போனவர்களுக்கு என்ன நடக்கிறது? "அஸிஸ்டன்ட்" என்றோ "கிளார்க்" என்றோ விசா அடித்து, வேலை மட்டும் முழு டீச்சர் வேலை. சம்பளம் அஸிஸ்டன்ட் சம்பளம். இரண்டு வருடம் கழித்து வேறு பள்ளிக்குப் போனால் அனுபவக் கடிதத்தில் டீச்சர் என்ற சொல் இருக்காது.

"எங்க மச்சானும் விசிட்லதான் போனான், இன்டைக்கு குடும்பத்தோட இருக்கான்" என்பீர்கள். உண்மை. அப்படிப் போய் நன்றாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். நாமும் அறிவோம். அவர்கள் எப்படிப் போனார்கள் என்றும் கேளுங்கள். சான்றிதழில் எல்லா முத்திரையும் குத்திக்கொண்டு போனார்கள். தங்க ராத்தா வீடோ மாமா வீடோ இருந்தது. திரும்பி வர டிக்கெட் காசு தனியாக இருந்தது. முக்கியமாக, போன மாதம் சரியாக இருந்தது. அங்கே பெரும்பாலான பள்ளிகளில் ஜூலை, ஓகஸ்ட் கோடை விடுமுறை. வருடம் தொடங்குவது ஓகஸ்ட் கடைசியில். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்கும். ஆள் எடுக்கும் பேச்சு அதற்குச் சில மாதம் முந்தியே நடந்து முடியும். எமது ஏஜென்டுகள் பிள்ளைகளை ஏற்றி அனுப்புவது எப்போது? ஜூலையில். பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்று 60 நாளும் கரைந்துவிடும். பிறகு தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் தண்டம். எமது காசில் ஏறத்தாழ நாலாயிரம் ரூபா.

அரசாங்கப் பாடசாலையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 14/2022 சுற்றறிக்கையின் கீழ் சம்பளமற்ற விடுமுறையில் 5 வருடம் வரை வெளிநாடு போக வழி செய்தார்கள். போவதென்றால் முறையாக விடுமுறை பெற்றே போங்கள். மெடிக்கல் போட்டுவிட்டு விசிட்டில் போய்ப் பார்த்து வருகிறேன் என்று போய், அங்கே ட்ரயலில் மாட்டி, இங்கே பதவியை வெறிதாக்கியவர் என்று கடிதம் வந்தால் இரண்டு வேலையும் போகும். நிரந்தர நியமனத்துக்காக வீதியில் உட்கார்ந்து போராடிய பட்டதாரிகள் எமது மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள் அதன் பெறுமதியை.

வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போவதை ஒரு சாமர்த்தியமாகப் பேசுவதும் நிற்க வேண்டும். பணியகத்தில் குறைகள் ஆயிரம் உண்டு, வரிசையில் நின்ற எமக்கும் தெரியும். ஆனாலும் பதிவு இருந்தால் காப்புறுதி இருக்கிறது, ஒப்பந்தத்தின் பிரதி அரசாங்கத்திடம் இருக்கிறது. 2022இல் சுற்றுலா விசாவில் கூட்டிப்போய் ஓமானில் சிக்கவைக்கப்பட்ட எமது நாட்டுப் பெண்களின் செய்தியை எல்லோரும் பார்த்தோம், பகிர்ந்தோம், கவலைப்பட்டோம். அது வீட்டு வேலைக்குப் போன ஏழைப் பெண்களின் கதை, படித்த எமக்கு நடக்காது என்று நினைக்கிறோமா? அவளுக்குக் கொடுத்த விசாவும் டீச்சர் தங்கைக்குக் கொடுக்கும் விசாவும் ஒரே வகைதான்.

போக வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இங்குள்ள சம்பளத்தில் கடனும் கட்டி பிள்ளையும் வளர்க்க முடியாது என்பது எமது சம்பளப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். இங்கிருந்தே விண்ணப்பியுங்கள். வீடியோவில் நேர்காணல் எடுக்காத பள்ளி இன்று குறைவு. அனுமதி கையில் வந்தபின் ஏறுங்கள். இல்லை, தேடும் விசாவில்தான் போவேன் என்றால் பட்டமும் முத்திரையும் பொலிஸ் நற்சான்றும் திரும்பும் டிக்கெட்டும் பையில் இருக்கட்டும். ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் போங்கள். அனுமதி வரும்வரை எந்த வகுப்பறைக்குள்ளும் சோக் கட்டியோடு நுழையாதீர்கள். பாஸ்போர்ட்டை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள், அதைப் பிடித்து வைக்கவும் தொழில் தருபவருக்கு அங்கே உரிமை இல்லை.

ஊரில் ஆள் பிடிப்பவர் உங்களிடம் வந்தால் ஏஜென்சியின் லைசன்ஸ் இலக்கத்தைக் கேளுங்கள். பணியகத்தின் 1989க்கு அழைத்து அவர் முன்னாலேயே சரிபாருங்கள். நகை அடகு வைக்க முதல் ஒபர் லெட்டரை எம்மிடம் கொண்டு வாருங்கள். ஆங்கிலம், அரபு இரண்டும் தெரிந்த ஆசிரியர்கள் நாலைந்து பேர் இருக்கிறோம். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலையில் இருப்போம். காசு எதுவும் வேண்டாம். அசல் தாளைக் கொண்டு வாருங்கள், போனில் எடுத்த மங்கலான படம் வேண்டாம்.