மைதானத்தில் கோடு கிழித்தது யார்?

பரங்கிப்பேட்டை டீக்கடையில் ஒரு பெரிய மனிதர் தீர்ப்புச் சொன்னார்: "கல்கத்தாவில் பந்துக்காக மண்டையை உடைத்துக் கொள்கிறான். இங்கே சடுகுடுப் பந்தயம் வைத்தால் ஊர்த்தெருவும் காலனியும் மோதுகிறது. இந்த ஜனங்களாவது, ஒன்று சேருவதாவது!"

சேரக்கூடாது என்பது அவர் ஆசை. சேர்ந்துவிட்டால் நடவுக் கூலியை எப்படிக் குறைப்பது?

தோழர்களே, அவர் சொன்ன கல்கத்தாவையே பார்ப்போம். 1905இல் கர்ஸன் வங்கத்தை இரண்டாக வெட்டினான். அந்த வெட்டு ஆறுவதற்கு முன்பே, 1911 ஜூலை 29 அன்று, மோகன் பகான் என்ற நம்மவர் அணி வெள்ளைப் பட்டாளத்து அணியை 2-1 என்று வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைப் பறித்தது. பதினொரு பேரில் பத்துப் பேர் காலில் பூட்ஸ் இல்லை! அவர்களில் பலர் கிழக்கு வங்கத்துப் பிள்ளைகள். கிழக்கா, மேற்கா என்று அன்று கேட்டவர் யார்?

கேள்வி பிறகு வந்தது. கிழக்கு வங்கத்து ஆட்டக்காரரை ஓர் ஆட்டத்தில் ஒதுக்கிவிட்டார்கள் என்ற மனத்தாங்கலில், 1920இல் ஈஸ்ட் பெங்கால் கிளப் பிறந்தது. 1934 முதல் ஐந்து வருஷம் தொடர்ந்து முகமதன் ஸ்போர்ட்டிங் கல்கத்தா லீக்கை வென்றது. ஆடி ஜெயித்தவர்கள் ஆட்டக்காரர்கள். அந்த ஜெயத்தை மதச் சந்தையில் விற்றவர்கள் வேறு ஆட்கள்.

1947இல் ராட்கிளிப் என்ற வெள்ளைக்கார வக்கீல் வரைபடத்தில் கோடு கிழித்தான். லட்சக்கணக்கான அகதிகள் சியால்டா ரயிலடியில் வந்து விழுந்தார்கள். வேலையும் இல்லை, வீடும் இல்லை. வந்தேறி என்ற ஏச்சு மட்டும் கிடைத்தது. ஏச்சு வாங்கியவன் தலை நிமிர்ந்தது ஈஸ்ட் பெங்காலின் சிவப்பு மஞ்சள் கொடியின் கீழேதான். (வெள்ளாற்று மீனவருக்கு இது வேடிக்கையாக இருக்கும்: ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் வீட்டில் உல்லம் மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால்!)

வேடிக்கை விபரீதமும் ஆயிற்று. 1980 ஆகஸ்ட் 16, ஈடன் தோட்டத்தில் இவ்விரு அணிகளின் ஆட்டம், காலரியில் கலவரம், 16 ரசிகர்கள் பிணமானார்கள். அப்போது அங்கே நடந்தது இடதுசாரி ஆட்சி. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

இப்போது கிளப்புகள் யார் கையில்? 2020இல் மோகன் பகான் கால்பந்தில் 80 சதப் பங்கு கோயங்கா குழுமத்துக்குப் போயிற்று. 2022இல் ஈஸ்ட் பெங்காலுக்கு எமாமி கம்பெனி வந்தது. அந்த முதலாளிகள் பந்துக்காக ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்ததுண்டா?

பெரிய மனிதர் சொல்லாமல் விட்ட கதை ஒன்று இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 9 அன்று கல்கத்தா ஆர்.ஜி. கர் ஆஸ்பத்திரியில், வேலை நேரத்தில், பயிற்சி டாக்டர் ஒரு பெண் சீரழிக்கப்பட்டுக் கொலை செய்யப்பட்டாள். நகரமே கொதித்தது. 18ஆம் தேதி இரு அணிகளுக்கும் டூரண்ட் கோப்பை ஆட்டம். காலரியில் நியாயம் கேட்டுக் குரல் எழும் என்று தெரிந்திருந்தது. பந்தோபஸ்துக்குப் போலீஸ் போதாது என்று ஆட்டத்தையே ரத்துச் செய்தார்கள்.

ரசிகர்கள் வீட்டில் இருக்கவில்லை. சால்ட் லேக் மைதானத்து வாசலில் ஈஸ்ட் பெங்கால்காரன் மோகன் பகான்காரன் தோளில் ஏறி நின்று கோஷமிட்டான். முகமதன் ரசிகர்களும் வந்து சேர்ந்தார்கள். மூன்று கொடிகளும் ஒரே கூட்டத்தில்! கேட்டது ஒரே நியாயம்.

தடியடி நடந்தது. பலரைப் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். ஆட்டத்துக்குக் காவல் நிற்கப் போதாத போலீஸ், அன்று அடிப்பதற்கு மட்டும் எங்கிருந்து வந்தது?