மஞ்சள் பூ விரிப்பை நட்டது யார்?

நாளைக் காலை பள்ளிப் பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தால், சாலையின் ஓரத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். எல்.ஆர்.டி. தூண்களுக்கு நடுவே, மேம்பாலத்தின் சரிவில், தாமான் பெயர்ப் பலகைக்குக் கீழே, பெரிய கால்வாயின் கரையில் என்று எங்கும் ஒரே மாதிரியான பச்சை விரிப்பு தெரியும். பளபளக்கும் இலை, ஒவ்வோர் இலையிலும் மூன்று முனைகள், மேலே குட்டிச் சூரியகாந்தி போல மஞ்சள் பூ.

அதன் பெயர் வெடேலியா. தாவரவியல் பெயர் ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபாட்டா. சொந்த ஊர் மத்திய அமெரிக்காவும் கரீபியத் தீவுகளும் தென் அமெரிக்காவின் வெப்பப் பகுதியும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர் குழு தொகுத்த 'உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு இனங்கள்' என்ற பட்டியலில் இந்த அழகிய செடிக்கும் ஓர் இடம் உண்டு. அவ்வளவு மோசமான செடியை மேம்பாலச் சரிவில் கொண்டுவந்து வைத்தது யார்? காற்றும் இல்லை, பறவையும் இல்லை. நாம்தான். நாற்றுப் பண்ணையில் காசு கொடுத்து வாங்கி, குத்தகையாளரை அமர்த்தி, வரிசை பிடித்து நட்டோம்.

நட்டவர்களின் நியாயமும் எனக்குப் புரிகிறது. சாலைக்காகக் குன்றை வெட்டினால் செம்மண் அப்படியே வெளியே தெரியும். மாலை மழை ஒன்று போதும், அந்த மண் கரைந்து கால்வாயை அடைத்துவிடும். விரைவாக மண்ணை மூடும் செடி தேவை. வெடேலியா வெயிலைத் தாங்கும், வறட்சியைத் தாங்கும், நீர் தேங்கினாலும் அழுகாது, உரம் கேட்காது. விதைகூட வேண்டியதில்லை; கணுவோடு ஒரு சாண் தண்டு இருந்தால் போதும். செலவும் குறைவு.

ஆனால், சரிவுக்கு நல்லது என்று நாம் பாராட்டும் அந்தக் குணங்கள்தாம் சரிவைத் தாண்டியதும் தொல்லையாகின்றன. தரையில் படரும் தண்டின் ஒவ்வொரு கணுவிலும் வேர் இறங்கும். புல் வெட்டுபவர் இயந்திரத்தோடு அந்தப் பக்கம் போனால் தண்டு துண்டு துண்டாகித் தெறிக்கும். ஒரு துண்டு கால்வாயில் விழும், மிதக்கும், அரைக் கிலோமீட்டர் தள்ளிக் கரை ஒதுங்கும், அங்கே வேர் விடும். வெட்டுவது என்று நாம் நினைத்துச் செய்வது உண்மையில் நடுவது! அடர்ந்த விரிப்புக்குக் கீழே வெளிச்சம் போகாததால் வேறு விதைகள் முளைப்பது கடினம். இதன் இலையிலும் வேரிலும் உள்ள வேதிப்பொருள்கள் மற்ற விதைகளின் முளைப்பைத் தடுக்கின்றன என்பதையும் ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. இடத்தையும் பிடித்துக்கொண்டு, அக்கம்பக்கத்தாருக்குக் கதவையும் சாத்திவிடுகிறது.

இடையில் ஒரு சிறு எச்சரிக்கை. இதை 'மஞ்சள் கரிசலாங்கண்ணி' என்று சொல்லி வீட்டுக்குப் பறித்துப் போகிறவர்கள் உண்டு. தவறு. மஞ்சள் கரிசலாங்கண்ணி ஆசியாவுக்கே உரிய ஸ்பாக்னெட்டிகோலா கேலண்டுலேசியா. வெடேலியாவுக்கு நெருங்கிய உறவு, ஆனால் வேறு இனம். அதன் இலை நீண்டு ஒடுங்கியது, வெடேலியாவுக்குள்ள மூன்று முனை அதில் தெளிவாக இராது. பாட்டி தலைக்கு எண்ணெய் காய்ச்சச் சாலையோரத்தில் இலை பறித்தால் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். தென் சீனாவில் இவை இரண்டும் கலந்து கலப்பினம் தோன்றியிருப்பதைத் தாவரவியலாளர்கள் பதிவு செய்துள்ளனர். வெளியிலிருந்து வந்த செடி உள்ளூர்ச் செடியை நெருக்கித் தள்ளுவது ஒரு வழி. அதனோடு கலந்து அதன் தனித்தன்மையைக் கரைத்துவிடுவது இன்னொரு வழி.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிப் பேசியாக வேண்டும். இத்தகைய செடிகளைச் சிலர் 'வந்தேறித் தாவரங்கள்' என்று எழுதுகிறார்கள். என் வகுப்பில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. நம் நாட்டில் மனிதர்களை நோக்கி வீசப்பட்டு, பலரைக் காயப்படுத்திய சொல் அது. உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் அதைக் கேட்டிருப்பார். அதை விடுங்கள், அறிவியலுக்கும் அது பொருந்தாது. 'எங்கிருந்து வந்தது' என்பதை மட்டும் அது சொல்கிறது. அறிவியல் கேட்கும் முக்கியக் கேள்வி 'வந்த இடத்தில் என்ன செய்கிறது' என்பது.

1877இல் லண்டன் கியூ தோட்டத்தின் வழியாகச் சிங்கப்பூருக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்தன. சில கோலகங்சாரில் நடப்பட்டன. பிரேசில் நாட்டு மரம். நம் கொள்ளுத் தாத்தா, பாட்டிகள் விடியற்காலையில் பால் வெட்டிய மரம். மலாயாவின் பொருளாதாரத்தையே மாற்றிய அந்த மரம் தோட்டத்தைவிட்டு ஓடிக் காட்டை விழுங்கிவிடவில்லை. மிளகாய், பப்பாளி, மரவள்ளி எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. 1960இல் நம் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட புங்கா ராயா செம்பருத்திகூட இந்நாட்டுக் காட்டில் தானாக முளைத்ததன்று. அது இங்கே பெரும்பாலும் விதை விடுவதில்லை. கிளையை ஒடித்து நாம் நட்டால்தான் உண்டு. இவை அயல் தாவரங்கள், ஆக்கிரமிப்புத் தாவரங்கள் அல்ல.

மறுபக்கமும் உண்டு. நமக்கு நன்கு பழகிய லாலாங் புல், 1912ஆம் ஆண்டு வாக்கில் ஜப்பானிலிருந்து வந்த பெட்டிகளில் பொதிபொருளாக அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இறங்கியது. இன்று அந்நாட்டின் தென் மாநிலங்களில் அது பெருந்தொல்லை. மேலே சொன்ன 100 இனங்களின் பட்டியலில் வெடேலியாவோடு லாலாங்கும் இருக்கிறது! ஆக, ஒரு செடி பிறப்பிலேயே வில்லன் இல்லை. சொந்த ஊரில் அதைத் தின்னும் பூச்சியும் அதைத் தாக்கும் பூஞ்சையும் இருக்கும். புதிய ஊரில் அந்த எதிரிகள் இல்லை. தானாகப் பெருகும் திறனும் சேர்ந்துவிட்டால், நிறுத்த ஆளில்லை.

அறிமுகமாகும் இனங்களில் பத்தில் ஒன்று நிலைபெறும், நிலைபெற்றவற்றில் பத்தில் ஒன்று தொல்லையாகும் என்று உயிரியலாளர்களிடையே ஒரு தோராயக் கணக்கு உண்டு. விதிவிலக்குகள் ஏராளம். ஆனாலும் ஒன்று தெளிவு: கொண்டுவருவது கூடக்கூட, அந்த ஒன்று சிக்கும் வாய்ப்பும் கூடும்.

நகரம்தான் இதற்கு ஏற்ற இடம். நம் மழைக்காட்டு மரங்களில் பலவற்றின் விதைகள் நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் முளைத்துப் பழகியவை. கட்டுமானத் தளத்தில் லாரி கொட்டிய இறுகிய களிமண்ணில், உச்சி வெயிலில், அவற்றால் என்ன செய்ய முடியும்? அங்கே முதலில் வருபவை வேறு. காற்றில் பறக்கும் விதையுடைய 'போக்கோக் கப்பால் தெர்பாங்', மரத்தின் மேலேறிப் போர்வையாக மூடும் மிக்கானியா கொடி, வேர்முடிச்சுப் பாக்டீரியாவின் உதவியால் ஏழை மண்ணிலும் செழிக்கும் பெத்தாய் பெலாலாங். நீங்கள் தொட்டு விளையாடும் செமாலுவும் வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்ததுதான். கைவிடப்பட்ட ஒரு காலி மனையில் நின்று சுற்றிப் பார்த்தால், கண்ணில் படும் பச்சையில் பெரும்பகுதி வேறொரு கண்டத்தைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும்.

"பச்சையாக இருந்தால் போதாதா சார்? தேனீ வருகிறது, வண்ணத்துப்பூச்சி வருகிறது" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. வளர்ந்த வண்ணத்துப்பூச்சி எந்தப் பூவில் தேன் இருந்தாலும் குடிக்கும். ஆனால் அதன் புழு அப்படியில்லை. நம் தேசிய வண்ணத்துப்பூச்சியான ராஜா புரூக்கின் புழு அரிஸ்டலோக்கியா வகைக் கொடிகளை மட்டுமே தின்னும். அந்தக் கொடி இல்லாத இடத்தில் ஆயிரம் மஞ்சள் பூ பூத்தாலும் அதற்குப் பயனில்லை. உணவுக்கடை இருக்கிறது, பிள்ளை வளர்க்க வீடு இல்லை என்ற நிலை. பச்சை வேறு, பல்லுயிர் வேறு. நகரத் திட்டங்களில் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதுதான் என் முதல் குறை.

அதற்காக எல்லாச் செடியையும் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. நான்கு பக்கமும் தார்ச்சாலை சூழ்ந்த மனையில் நிற்கும் பெத்தாய் பெலாலாங்கோடு சண்டை போடுவது நேர விரயம். அது நிழலாவது தருகிறது. கோலாலம்பூர் நடுவில் 1906இலேயே காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட புக்கிட் நானாஸ், பெட்டாலிங் ஜெயாவை ஒட்டிய புக்கிட் காசிங் போன்ற எஞ்சிய காட்டுத் துண்டுகள்தாம் கவலைக்குரியவை. நகரம் அவற்றைச் சுற்றி வளைத்திருக்கிறது. தோட்டத்து அலங்காரச் செடி வேலியைத் தாண்டினால் அடுத்த அடி காடு.

காட்டுக்குள் நுழையக்கூடிய செடிக்கு ஓர் உதாரணம் செண்டுடுக் புலு, அதாவது கிளிடெமியா ஹிர்ட்டா. உள்ளூர்ச் செண்டுடுக் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெரிய ஊதாப் பூ, பழத்தைத் தின்றால் நாக்கு கறுத்துவிடும். புலுவின் பூ சிறியது, வெள்ளை. இலையும் தண்டும் மயிர் அடர்ந்தவை. இது நிழலிலும் வளரும். பழத்தைத் தின்னும் பறவை விதையைக் காட்டுக்குள் கொண்டுபோகும். ஃபிஜித் தீவில் இச்செடி மேய்ச்சல் நிலங்களை மூடியபோது, 1930இல் அதன் தாய்ப்பகுதியான டிரினிடாடிலிருந்து ஒரு நுண்ணிய இலைப்பேன் பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். வெயிலில் நின்ற செடிகள் அதனால் ஒடுங்கின. ஹவாய்த் தீவுகளில் அதே பூச்சியை விட்டபோது, காட்டு நிழலில் நின்ற செடிகளிடம் அதன் வேலை அவ்வளவாகப் பலிக்கவில்லை. நிழலுக்குள் போன செடியைத் திரும்ப அழைப்பது அவ்வளவு கடினம்.

சரி, வீட்டு மீன் தொட்டிக்கு வருவோம். தொட்டியைக் கழுவும்போது மிஞ்சும் நீர்ச்செடியைக் கால்வாயில் கொட்டுவது பலருக்கு வழக்கம். ஒரு கணக்குப் போடுங்கள். ஆகாயத்தாமரை, மலாயில் கெலாடி புந்திங், நல்ல சூழலில் இரண்டு வாரத்திற்குள் இரட்டிப்பாகக்கூடியது. பத்துச் செடியை ஒரு குளத்தில் விட்டால், இடமும் சத்தும் இருக்கும்வரை, 20 வாரத்தில் 10,240. நீரின் மேல் மூடி போட்டதுபோல் ஆகிவிடும். கீழே ஒளிச்சேர்க்கை நின்று, ஆக்சிஜன் குறைந்து, மீன்கள் தவிக்கும். பகாங்கின் தாசேக் சினி ஏரியில் தாமரைக்குப் போட்டியாகப் பெருகிய கபோம்பாவும் மீன் தொட்டிகளில் வளர்க்கப்படும் வகையைச் சேர்ந்த செடிதான். மிஞ்சிய நீர்ச்செடியை வெயிலில் மொறுமொறுப்பாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். ஐந்து நிமிட வேலை.

என் இரண்டாவது குறை கோத்தோங் ரோயோங் பற்றியது. உற்சாகம் நல்லது, ஆனால் செடியின் பெயர் தெரியாமல் செய்யும் துப்புரவு சில வேளைகளில் பரப்பும் வேலையாக முடிகிறது. வெட்டிய வெடேலியாவைக் கால்வாய் ஓரம் குவித்துவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு கலைந்துவிடுகிறோம். அடுத்த மாதம் அதே இடத்தில் இரட்டிப்பாக நிற்கும். நகராண்மைக் கழகங்களும் சரிவுக்குச் செடி தேர்ந்தெடுக்கும்போது 'எவ்வளவு விரைவில் மூடும்' என்று கேட்பதோடு, 'எல்லை தாண்டுமா' என்றும் கேட்க வேண்டும். ஒரே இனத்துக்குப் பதிலாகப் பல உள்ளூர் இனங்களைக் கலந்து நட்டால் செலவு கூடும், மூடுவதற்கு நாளும் ஆகும். அந்தக் கூடுதல் செலவு சரியானதே என்பது என் கருத்து. பின்னால் ஆண்டுதோறும் வெட்டுவதற்குத் தரும் கூலியையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொரு செடியை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பார்த்தீனியம். தமிழ்நாட்டில் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், உடனே தெரியும் என்பார்கள். இந்தியாவில் 1950களில் புனே நகரில் கண்டறியப்பட்டு நாடெங்கும் பரவிய செடி அது. மலேசியாவில் 2013இல் அடையாளம் காணப்பட்டது; சிலாங்கூரின் பத்தாங் காலி அப்படிக் கண்டறியப்பட்ட இடங்களில் ஒன்று. விவசாயத் துறை இதை 'ரும்பாய் மியாங் மெக்சிக்கோ' என்கிறது. இலை செவ்வந்தி இலைபோல ஆழமாகப் பிளவுபட்டிருக்கும். பூ மிகச் சிறியது, வெள்ளை, காலிஃபிளவர்த் துணுக்குபோல. ஒரே செடி 15,000க்கும் மேற்பட்ட விதைகளைத் தரக்கூடும். வாகனச் சக்கரத்துச் சேற்றிலும் ஆடு மாடுகளோடும் அவை ஊர் விட்டு ஊர் போகும். தொட்டால் சிலருக்குத் தோல் அரிப்பும் தடிப்பும் வரும், மகரந்தம் பட்டால் ஆஸ்துமா கிளம்பும். ஆடு தின்றால் பால் கசக்கும். வீட்டில் ஆடு வளர்ப்பவர்கள் தீவனம் அறுக்கும் இடத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

உயிரியல் பாடத்தில் குவாட்ரட் சட்டம் போட்டுச் செடி எண்ணுவீர்கள் அல்லவா? அடுத்த முறை ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, திடலின் நடுவில் ஒன்றும் வேலியோரம் ஒன்றும் போட்டு, ஒவ்வோர் இனத்தின் பெயரையும் சொந்த ஊரையும் எழுதுங்கள். வேலியோரத்தில் பார்த்தீனியம் போல் ஏதாவது தென்பட்டால் வெறுங்கையால் தொடாதீர்கள், பிடுங்கவும் வேண்டாம். படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, பூ விதையாவதற்கு முன் உங்கள் மாவட்ட விவசாய அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.