சிரைக்கிற வேலை

ஒற்றை முனை ரேஸர் நல்ல கருவி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கட்டுரை முழுக்க அதைத் திட்டப்போகிறேன் என்று நினைத்து யாரும் பாதியில் போய்விட வேண்டாம். மூன்று மாதமாகக் காஜாங்கில் என் வாடகை வீட்டுக் குளியலறையில் ஒன்று இருக்கிறது. இருநூறு வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கியது. துருப்பிடிக்காத எஃகு, கைக்கு நல்ல கனம். கழுத்தில் எப்போதும் சிவந்து நிற்கும் கொப்புளங்கள் இப்போது இல்லை. எனக்குச் சண்டை ரேஸரோடு இல்லை. அதைச் சுற்றி நம் ஆட்கள், அதிலும் புத்தகம் வாசிக்கும் நம் இளைஞர்கள், கட்டும் பேச்சோடுதான்.

அந்தப் பேச்சு உங்களுக்கும் தெரிந்ததுதான். மரக்கிண்ணத்தில் நுரை. பேட்ஜர் முடியில் செய்த பிரஷ். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம். கீழே நான்கு பத்தி: அவசர உலகில் நிதானமான காலை, ஷேவிங் ஒரு தியானம், நம் தலைமுறை தொலைத்துவிட்ட ஆண்களின் கலை, இன்ன பிற.

தொலைந்துபோனதா? எங்கே தொலைந்தது? பிரிக்பீல்ட்ஸுக்குப் போங்கள், கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குப் போங்கள், இல்லை காஜாங் பழைய டவுனிலேயே ஒரு இந்திய முடிதிருத்தும் கடையில் பத்து நிமிடம் உட்காருங்கள். அண்ணன் தண்ணீர் தெளிப்பார், நுரை போடுவார். காகித உறையைப் பிரிக்காமலே ஒரு பிளேடை நீளவாக்கில் மடக்கி ‘டக்’கென்று இரண்டாக உடைப்பார். ஒரு பாதியை மடக்குக் கத்தியின் வாயில் செருகுவார். இடது கை உங்கள் கன்னத்துத் தோலை இழுத்துப் பிடிக்கும், வலது கை மணிக்கட்டு மட்டும் அசையும். முடிந்ததும் படிகாரக் கட்டியை நனைத்து ஒரு தேய்.

ஒரு முனை, ஒரு பிளேடு, ஒரு சீவு. அதுதான் ஒற்றை முனை ரேஸர், கைப்பிடிதான் வேறு. இது உவமையில்லை. இன்று பெரிய பெயரெடுத்திருக்கும் லீஃப் நிறுவனத்தின் ‘ட்விக்’ ரேஸரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் போடுவது, சாதாரண இருமுனை பிளேடை நீளவாக்கில் உடைத்த பாதியைத்தான். அண்ணன் தினமும் முப்பது தடவை செய்கிற அதே காரியம். அங்கே அது வடிவமைப்பு, இங்கே அது பார்பர் கடை.

படிகாரம் இன்னும் பெரிய வேடிக்கை. ஷேவிங் பொருள் விற்கும் இணையக் கடைகளில் அது அழகான பெட்டியில், நல்ல விலையில் வருகிறது. நம் மளிகைக் கடையில் சில வெள்ளிக்கே அதே படிகாரம் கிடைக்கும். பல பேர் வீட்டு வாசலில் திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிட்டிருக்கும் சாமான்தான் அது.

கொஞ்சம் என் தொழில் மொழியில் பேச விடுங்கள். சவரத்தில் முக்கியமானது கோணம். பிளேடு தோலோடு ஏறத்தாழ முப்பது டிகிரியில் நிற்க வேண்டும். அதிகமானால் சுரண்டும், குறைந்தால் வழுக்கிக்கொண்டு போகும். அண்ணனிடம் அந்தக் கோணம் மணிக்கட்டில் இருக்கிறது. தாடைக்கு ஒரு கோணம், தொண்டைக்குழிக்கு ஒன்று, மீசை ஓரத்துக்கு இன்னொன்று என்று அது மாறிக்கொண்டே போகும். ‘சேஃப்டி’ ரேஸர் செய்வது அந்த மணிக்கட்டைப் பிடுங்கி உலோகத்தில் வார்ப்பதுதான். பிளேடு எவ்வளவு வெளியே நீட்ட வேண்டும், பிளேடுக்கும் தடுப்புக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்ற இரண்டையும் இயந்திரத்தில் கடைந்து நிலையாக்கிவிட்டால், யார் பிடித்தாலும் கோணம் ஓரளவு தானாக அமையும். நான் இருநூறு வெள்ளிக்கு வாங்கியது கருவி என்பதைவிட, உறையவைத்த கைத்திறன் என்பதே சரி.

இதில் ‘நவீனம்’ என்ற சொல்லும் கொஞ்சம் ஓவர். நியூயார்க்கில் கேம்ஃபே சகோதரர்கள் ஒற்றை முனை சேஃப்டி ரேஸருக்குக் காப்புரிமை வாங்கியது 1880இல். இருமுனை பிளேடோடு கிங் கேம்ப் ஜில்லெட் வந்தது அதற்குப் பிறகு, அவருடைய காப்புரிமை 1904. முதல் உலகப்போரில் அமெரிக்க அரசு சிப்பாய்களுக்காகச் சுமார் 35 லட்சம் ஜில்லெட் ரேஸர்களை வாங்கியதும், பார்பரிடம் போகாமல் தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்வது ஒரு தலைமுறைக்கே பழகிப்போனது. பிறகு நடந்தது எண்ணிக்கை விளையாட்டு: 1971இல் இரண்டு பிளேடு, 1998இல் மூன்று, 2006இல் ஐந்து. பல பிளேடு கார்ட்ரிட்ஜில் முதல் பிளேடு முடியை இழுக்கும், அடுத்தது அதைத் தோல்மட்டத்துக்கும் கீழே வெட்டும். கையில் வழவழவென்று இருக்கும்தான். ஆனால் நம்மில் பலருக்கு இருப்பது போன்ற தடித்த சுருட்டை முடி வளரும்போது வளைந்து தோலுக்குள்ளேயே குத்தும். கழுத்துக் கொப்புளம் அப்படி வருவதுதான். ஒரே பிளேடு தோல்மட்டத்தோடு நிற்பதால் தொல்லை குறைகிறது. இந்த அளவில் ஒற்றை முனைக்காரர்கள் சொல்வது உண்மை.

ஆனால் அந்த உண்மை தெரிந்த ஆள் நம் தெருவில் எப்போதும் இருந்தார். நாம் ஏன் அவரிடம் கேட்கவில்லை?

பதில் நம் மொழியில் இருக்கிறது. “காலையிலேர்ந்து என்னடா சிரைச்சிக்கிட்டு இருந்த?” இதைக் கேட்காமல் வளர்ந்த மலேசியத் தமிழன் யார்? உருப்படாத வேலைக்கு நம் வாயில் வரும் வினைச்சொல்லே சிரைத்தல்தான். “படிக்காட்டி சிரைக்கத்தான் போவ” என்று சொல்லிச் சொல்லித்தான் என்னைப் போன்ற பலரைப் பொறியியல் வகுப்புக்குள் தள்ளினார்கள். அதனால்தான் நம் ரேஸர் கட்டுரைகளில் ‘வெட் ஷேவிங்’ இருக்கும், தமிழார்வம் மிகுந்தவரிடம் ‘மழித்தல்’ இருக்கும், சிரைத்தல் மட்டும் இருக்காது. சொல்லைத் தவிர்க்கும்போது அந்தச் சொல்லால் அடிபட்ட ஆளையும் சேர்த்தே தவிர்க்கிறோம். கத்தி பிடித்த சமூகத்துக்கு மருத்துவர் என்றும் பெயர் உண்டு. புண்ணுக்கு மருந்து போட்டவர்கள் அவர்கள், பிரசவம் பார்த்தவர்கள் அவர்கள் வீட்டுப் பெண்கள். கப்பலேறி வந்தபோது வைத்தியத்தை மறந்துவிட்டோம், சாதிப்பெயரை மட்டும் வசவாகப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தோம்.

தைப்பூசத்தன்று பத்துமலையில் மட்டும் இந்த விலகல் இல்லை. அங்கே மேனேஜரும் வக்கீலும் வரிசையில் நின்று, குனிந்து தலையைக் கொடுக்கிறார்கள். அதே பாதி பிளேடுதான். மறுநாள் அலுவலகத்தில் மொட்டைத் தலைக்கு மரியாதை கிடைக்கிறது. மொட்டையடித்தவர் பெயர் யாருக்கும் தெரியாது.

இப்போது கணக்குக்கு வருவோம். 2009இலிருந்து முடிதிருத்தும் துறைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுப்பது முடக்கப்பட்டது. நகைத்தொழிலுக்கும் ஜவுளித்துறைக்கும் அதே கதி. ஆள் இல்லை என்று நம் கடைக்காரர்கள் வருடக்கணக்கில் கெஞ்சினார்கள். 2023 செப்டம்பரில்தான் இந்த மூன்று துறைகளுக்கும் சேர்த்து 7,500 பேரை அனுமதிப்பதாகப் பிரதமர் அன்வார் அறிவித்தார். அப்போதும் நம் கூட்டங்களில் கேட்ட புலம்பல் ஒன்றுதான்: “நம்ம பிள்ளைங்க இந்த வேலைக்கு வர மாட்டேங்குது.”

ஏன் வரும்? சிறு வயதிலிருந்து வசவாகக் கேட்ட வேலைக்கு, பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டு செய்யும் வேலைக்கு, கைக்கு எவ்வளவு வரும் என்று யாரும் வெளிப்படையாகச் சொல்லாத வேலைக்கு ஏன் வரும்? பாங்கியிலும் காஜாங்கிலும் புதிதாக வந்திருக்கும் பார்பர்ஷாப்களைப் பாருங்கள். சுழலும் கம்பம், தோல் நாற்காலி, ஏப்ரன் கட்டிய மலாய் இளைஞர்கள். நம் கடையைவிட இரண்டு மடங்கு விலை, வெளியே பல்கலைக்கழக மாணவர்களின் வரிசை, அதில் நம் பையன்களும் உண்டு. அந்த இளைஞர்களின் வீட்டில் “சிரைக்கவா போற?” என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு அது தொழில். நமக்கு மட்டும்தான் அது சாதி.

“டேய், ஒரு ரேஸரப் பத்தி எழுதறதுல சாதி எங்கருந்துடா வந்துச்சு?” என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். காபி மெஷினைப் பற்றி எழுதினால் நான் கொட்டைகளின் விலையை மட்டும் பார்ப்பேன். ஆனால் நீ ‘மறைந்த கலை’ என்று எழுதுகிறாய் மச்சான். கலைஞன் உயிரோடு, எம்ஆர்டி நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், விசா புதுப்பிப்பானா என்ற கவலையோடு நின்றுகொண்டிருக்கும்போது மறைந்துவிட்டது என்று எழுதினால், சாதியை உள்ளே கொண்டுவந்தது நானா நீயா?

வீட்டில் சவரம் செய்யாதே, எல்லாரும் கடைக்குப் போ என்று நான் சொல்லவில்லை. நானே வாரத்தில் நான்கு நாள் வீட்டில்தான். முகம் என்னுடையது, நேரம் என்னுடையது. வேண்டியது கொஞ்சம் நாணயம். ஒற்றை முனை ரேஸருக்கு விமர்சனம் எழுதுகிறவர் அதைப் பாதி பிளேடு போட்ட மடக்குக் கத்தியோடு ஒப்பிட்டு எழுதட்டும். ஐம்பது பிராண்டு சோப்பின் வாசனைக்குப் பெயர் வைக்கத் தெரிந்தவர், ஒரு ஷேவிங்குக்கு நாம் கொடுக்கும் பணத்தில் நின்று செய்கிறவர் கைக்கு எவ்வளவு போகிறது என்றும் கேட்டு எழுதட்டும்.

என் ரேஸரைக் கடை அண்ணனிடம் காட்டினேன். கையில் வாங்கி, எடை பார்த்து, தலைப்பகுதியின் இடைவெளியை நகத்தால் தடவிப் பார்த்தார். “நல்லா கடைஞ்சிருக்கான் தம்பி. ஆனா கோணம் ஒண்ணே ஒண்ணுதான் வச்சிருக்கான். மூக்குக்குக் கீழ எப்புடி போவ?” மூன்று மாதமாக எனக்குச் சரிவராத இடம் அதுதான். அடுத்த வாடிக்கையாளர் வருவதற்குள், கழுத்துத் துண்டை உதறிக்கொண்டே, மேலுதட்டை எப்படிப் பல்லுக்கு மேல் இழுத்துப் பிடிப்பது என்று காட்டிக்கொடுத்தார்.