ஏரிக்கு ஒரு பத்திரிகை வேண்டும்



போன மாதம் அரிசி மூட்டைகளோடு அடையாறு போயிருந்தேன். மாதம் ஒருமுறை பத்துப் பதினைந்து வீடுகளுக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். திரும்பும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினேன். அந்தக் கடையில் பளபளவென்று ஒரு புதுப் பத்திரிகையை இலவசமாக அடுக்கி வைத்திருந்தார்கள். முதல் இதழ். கடலோர நகர வாழ்க்கையைக் கொண்டாடுகிறதாம். புரட்டினேன். காபிக் கடை, அலைச்சறுக்கு, வார இறுதிக் கொண்டாட்டம், ஏரியைப் பார்த்தபடி அடுக்குமாடி வீடு. அந்த ஏரித் தண்ணீர் பாயும் வயலைப் பற்றியோ, அதில் உழுகிற ஆளைப் பற்றியோ ஒரு வரி இல்லை.

கோபம்தான் வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை என்று பட்டது. அவங்க ஊரைப் பத்தி அவங்க எழுதுறாங்க. நம்ம ஊரைப் பத்தி நாம எழுதியிருக்கோமா?

1991-ல் நான் சென்னையில் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரி. அந்த வருடம்தான் எஸ்.முத்தையா 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார். மாதம் இருமுறை வரும். எங்கள் கிளைக்கு வருகிற வாடிக்கையாளர் ஒருவர் படித்துவிட்டு என் மேஜையில் வைத்துவிட்டுப் போவார். பழைய கட்டடம், பழைய தெருப்பெயர், வெட்டப்போகிற மரம், நாறுகிற கூவம். 'வேறு வேலை இல்லாதவர்கள்' என்றுதான் அப்போது நினைத்தேன்.

முத்தையா பிறவியிலேயே சென்னைக்காரர் இல்லை. செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் பிறந்தவர். இலங்கையில் பத்திரிகையாளராக இருந்துவிட்டு 1968-ல் சென்னைக்கு வந்தவர். 2019-ல் காலமானார். வந்து குடியேறிய ஊரைத் தன் ஊராக நினைத்து எழுதினார். அதைப் படித்தவர்களும் அப்படியே நினைக்க ஆரம்பித்தார்கள். மெரினாவில் இருக்கிற காவல்துறைத் தலைமையகக் கட்டடத்தை 1990-களில் இடிக்கப் பார்த்தபோது, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனது. கட்டடம் இன்றும் நிற்கிறது. 1994-ல் வின்சென்ட் டிசோசா 'மயிலாப்பூர் டைம்ஸ்' தொடங்கினார். ஒரு பேட்டைக்கென்றே ஒரு வாரப் பத்திரிகை. தையற்கடை, டியூஷன், வாடகை வீடு என்று சின்னச் சின்ன விளம்பரங்களில் ஓடியது. 2004-லிருந்து ஆகஸ்ட் 22-ஐ மெட்ராஸ் தினமாகக் கொண்டாடுகிறார்கள். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அந்த இடம் கிடைத்த நாள் அது. அந்த விழாவை அரசாங்கம் தொடங்கவில்லை. எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் சேர்ந்து தொடங்கியது.

இதை நான் மதிக்கிறேன். ஒரு ஊரை நேசிக்கிற பழக்கத்தைச் சில பக்கத் தாளே உண்டாக்கிவிட முடியும் என்பதற்கு அது சாட்சி.

ஆனால் அந்தக் கொண்டாட்டத்துக்கு அடியில் இருப்பது நம் மண் என்பதையும் சொல்ல வேண்டும். எழும்பூரும் புரசைவாக்கமும் 1693-லும், நுங்கம்பாக்கமும் திருவொற்றியூரும் 1708-லும் கம்பெனி கைக்குப் போன கிராமங்கள். தி.நகர் எழுந்தது 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து. மேற்கு மாம்பலத்தில் இன்றைக்கும் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. ஏரி போச்சு, ரோட்டுக்கு மட்டும் பேர் இருக்கு. சைதாப்பேட்டை ஒரு காலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தின் தலைமையிடம். அங்கே அரசு வேளாண் பண்ணையும் வேளாண் பள்ளியும் இருந்தன. 1906-ல் அந்தப் படிப்பு கோவைக்குப் போனது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய வேளாண் பல்கலைக்கழகம். சைதாப்பேட்டையில் ஏர் ஓட்டிக் காட்டிப் பாடம் நடந்தது என்று இன்று சொன்னால் யார் நம்புவார்கள்?

இப்போது முறை நம்முடையது. 2022-ல் சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அரசாணை வந்தது. நம் மாவட்டத்து ஊர்கள் பலவும் அந்தக் கோட்டுக்குள் வந்துவிட்டன. நெம்மேலியில் 2013-லிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது. 2024-ல் பக்கத்திலேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று வந்தது. நகரத்து ஆட்களிடம் நெம்மேலி என்றால் அந்த ஆலைதான் தெரியும். அங்கே சவுக்கும் வேர்க்கடலையும் விளைந்ததோ, மீனவர் குடும்பங்கள் இருப்பதோ தெரியாது. சொல்ல ஆளில்லை.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வங்கியில் இருந்த காலத்தில் தாம்பரத்துக்குத் தெற்கே வீட்டுக்கடன் நிறையக் கொடுத்தேன். தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, அங்கீகரித்த வரைபடம், வக்கீல் கருத்து என்று எல்லாம் வரிசையாக வந்துவிடும். ஒருநாள் ஒரு மனைப்பிரிவு ஃபைலைப் பார்க்கும்போது சர்வே எண் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பழைய பயிர்க்கடன் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அதே எண். நஞ்சை நிலம், நெல்லுக்குக் கடன். நாலு வருடம் முன்னாடி கணக்கை முடித்திருந்தது எங்கள் கிளைதான். இப்போது அடங்கலில் 'தரிசு' என்று இருந்தது. காகிதத்தில் ஒரு பிழையும் இல்லை. கையெழுத்துப் போட்டேன். அந்த வருடம் எங்கள் கிளை இலக்கைத் தாண்டியது, எனக்குப் பாராட்டுக் கடிதமும் வந்தது.

அந்த நாலு வருடத்தில் அந்த வயலுக்கு என்ன ஆச்சு, வரத்துக் கால்வாய் எப்போது அடைபட்டது, யார் முதலில் விற்றார்கள் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்காது. 1767-லிருந்து 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற ஆங்கிலேயர் நம் செங்கல்பட்டு கிராமங்களை அளந்து, ஏரி, நிலம், குடிகள் என்று ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். தரம்பால் அந்த ஆவணங்களைத் தேடி எடுத்துக் காட்டியதால்தான் நம் பழைய விளைச்சலும் ஊர் அமைப்பும் தெரிய வந்தன. நல்லதுதான். ஆனால் பர்னார்ட் வந்தது கம்பெனியின் வருவாய்க்காக. அவருக்கு அப்புறம் கடன் கொடுக்க நான் எழுதினேன். இப்போது மனை விற்கப் பளபளப் பத்திரிகை எழுதுகிறது. நம்ம ஊரைப் பத்தி எழுதினவங்க எல்லாம் ஏதோ ஒரு கணக்கோடு வந்தவங்கதான். இங்கே விதைக்கிறவர் எழுதினது எங்கே?

நம் இயற்கை வேளாண் இதழ்களையும் கேட்கிறேன். பஞ்சகவ்யம், அமுதக்கரைசல், ஒற்றை நாற்று நடவு என்று எத்தனையோ எழுதிவிட்டோம். எல்லாம் தேவைதான். ஆனால் ஏரியில் தண்ணீர் நிற்காமல் போனால் அமுதக்கரைசலை எங்கே ஊற்றுவது? நிலமே மனையாகிவிட்டால் செங்கல்பட்டு சிறுமணி விதையை எங்கே தூவுவது?

நான் கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு ஏரிப் பாசனத்துக்கும் ஒரே ஒரு தாள், இரண்டு பக்கம். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நம் பட்டத்துக்கு ஒன்றாக வருடத்தில் மூன்று இதழ். மதகடியில் எத்தனை அடி தண்ணீர், எந்தக் கால்வாய் எந்தச் சர்வே எண்ணில் அடைபட்டிருக்கிறது, கலங்கல் என்ன நிலையில் இருக்கிறது, யாரிடம் என்ன விதை இருக்கிறது, யாரிடம் தொழு உரம் கிடைக்கும். நிலப் பயன்பாட்டை மாற்றுவதற்கு ஆட்சேபணை கேட்டு நாளிதழில் பொடி எழுத்தில் அறிவிப்பு வரும். அதை யாராவது பார்த்து, பெரிய எழுத்தில் போட வேண்டும். ஊரில் மூத்தவர் ஒருவரின் நினைவு ஒரு பத்தி. 200 பிரதி நகலெடுக்க ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். உரக்கடை, டிராக்டர் வாடகை, டீக்கடை விளம்பரம் போட்டால் அதுவும் கைக்கு வந்துவிடும்.

தை மாதம் எங்கள் ஊரில் ஒரு தாள் போட்டுப் பார்த்தேன். எழுதியது நான், விஷயம் முழுக்க எங்கள் பழைய நீர்க்கட்டிப் பெரியவருடையது. "இதை எல்லாம் எழுதி என்ன சார் ஆகப்போவுது?" என்றுதான் ஆரம்பித்தார். பேசப்பேச, ஏரிக்கு வருகிற மூன்று கால்வாய்களையும் திண்ணையில் சுண்ணாம்பால் வரைந்து காட்டினார். இரண்டுதான் எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமாக இங்கே உழுகிறேன், மூன்றாவது கால்வாய் இருந்ததே தெரியாது!

அந்தக் கால்வாய் இன்னும் திறக்கவில்லை. மனு கொடுத்திருக்கிறோம். ஆனால் தாள் வந்த வாரம் இரண்டு இளைஞர்கள் கைபேசியில் கிராம வரைபடத்தோடு வீட்டுக்கு வந்து, "அங்கிள், இது எங்க வீட்டுக்குப் பின்னாடிதான் போவுது" என்றார்கள். அதில் ஒருவருடைய அப்பா நிலத்தை விற்க முன்பணம் வாங்கியிருந்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. விற்றுவிட்டார். பையன் மட்டும் அடுத்த தாளுக்கு வரைபடம் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

"தாள் போட்டால் ஏரி தப்பித்துவிடுமா?" என்று கேட்பீர்கள். தப்பிக்காமலும் போகலாம். முத்தையா எழுதியும் சென்னையில் இடிபட்ட கட்டடங்கள் ஏராளம். ஆனால் பேர் தெரியாத ஒன்றுக்காக யாரும் வழக்குப் போட மாட்டார்கள், மனுவும் எழுத மாட்டார்கள்.

நகரத்தோடு நமக்குச் சண்டை வேண்டாம். நம் அரிசியையும் காய்கறியையும் நல்ல விலை கொடுத்து வாங்குகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். 2019 கோடையில் அவர்கள் குடத்தோடு நின்றபோது தண்ணீர் லாரி போனது நம் பக்கத்துக் கிணறுகளிலிருந்துதான். எங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

சம்பாவுக்கு நாற்று விடுகிற ஆவணியில்தான் மெட்ராஸ் தினமும் வருகிறது. இந்த முறை நான் கொண்டுபோகிற ஒவ்வொரு அரிசிப் பைக்குள்ளும் எங்கள் ஏரித் தாள் ஒன்று இருக்கும். உங்கள் ஏரியின் பெயரில் நீங்களும் ஒன்று போடுங்கள். போட்டால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். பதிலுக்கு ஒரு படி சிறுமணி விதை தருகிறேன்.