சபர் பெட்டியில் எதை வைப்பது, எதை மறுப்பது?

 

பெரம்பலூர் மாவட்டத்தின் லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும், அண்டையிலுள்ள அரியலூர்ச் சீமையிலும் வாழும் நம் சமுதாயத்தாருக்குச் 'சபர்' என்னும் சொல் புதியதன்று. வெள்ளாற்றங்கரையில் எத்தனையோ வீடுகளின் அடுப்பு எரிவது, வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் உழைக்கும் ஆண்மக்களின் வியர்வையினால்தான். விசா வந்துவிட்டது என்ற செய்தி பரவியதுமே வீட்டில் பெட்டி கட்டும் வேலை தொடங்கிவிடுகிறது. உம்மா மிளகாய்த்தூள் இடிக்கிறார். மனைவி ஊறுகாய்ப் போத்தலுக்கு மூடி தேடுகிறாள். அடுத்த தெருவிலிருந்து ஒரு பொட்டலம் வருகிறது, அதற்கடுத்த தெருவிலிருந்து மற்றொன்று. பெட்டி நிறைகிறது, உள்ளமும் நிறைகிறது. ஆனால் விமான நிலையத்துத் தராசு உள்ளத்தை நிறுப்பதில்லை, பெட்டியை மட்டுமே நிறுக்கிறது!

நம் பாட்டனார் காலத்தில் இந்தக் கவலை இவ்வளவு இருந்ததில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றவர்கள் தகரப் பெட்டியோடு அரிசி மூட்டையும் கொண்டு போனார்கள். 1926இல் ஓடத் தொடங்கிய ராஜுலா கப்பலை மறக்காத முதியவர்கள் இன்றும் உண்டு. அதன்பின் வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீக்கிரையானதோடு அந்தக் கடற்பயணமும் முடிவுக்கு வந்தது. இன்று திருச்சி விமான நிலையம் பெரம்பலூரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்கே 2024 ஜூன் முதல் புதிய முனையமும் இயங்குகிறது. பயணம் எளிதாயிற்று, சுமைக்கான கணக்கோ கடினமாயிற்று.

முதலில் கணக்கைப் பார்ப்போம். எத்தனை கிலோ கொண்டு செல்லலாம் என்பது விமான நிறுவனத்தையும் பயணச்சீட்டின் வகையையும் பொறுத்தது. அண்ணன் சென்ற ஆண்டு 30 கிலோ கொண்டு போனார் என்பதால் தம்பிக்கும் 30 கிலோ கிடைக்கும் என்று எண்ணுதல் கூடாது. மலிவான சீட்டுகளில் சில சமயம் பெட்டிக்கு இடமே தருவதில்லை. சீட்டில் அச்சிட்டிருக்கும் எடையை எழுத்துக் கூட்டியாவது படித்துக்கொள்ள வேண்டும். இரண்டு விமானம் மாறிச் செல்பவர், இரண்டையும் தனித்தனிச் சீட்டாக வாங்கியிருந்தால் எதில் எடை குறைவோ அதையே தம் எல்லையாகக் கொள்வது நலம்.

மொத்த எடை எவ்வளவு அனுமதிக்கப்பட்டிருந்தாலும், ஒரே பெட்டியில் 32 கிலோவுக்கு மேல் ஏற்றுவதை விமான நிறுவனங்கள் ஏற்பதில்லை. அதைத் தூக்கும் தொழிலாளியின் முதுகைக் காப்பதற்கான விதி அது. பெட்டியின் சொந்த எடையே நான்கைந்து கிலோ இருக்கும் என்பதையும் பலர் மறந்துவிடுகின்றனர். 30 கிலோ என்றால் சரக்குக்கு மிஞ்சுவது 25 கிலோதான். நூற்றுக்கணக்கில் விலையுள்ள கைத்தராசு ஒன்றை வாங்கி வீட்டிலேயே நிறுத்துவிட்டால், விமான நிலையத் தரையில் பெட்டியை விரித்துப் போட்டுப் பண்டங்களைப் பிரிக்கும் அவலம் நேராது. எடை கூடியே தீரும் என்றால் கூடுதல் எடையை முன்கூட்டியே பணம் கட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். கடைசி நேரத்தில் நிலையத்தில் கேட்கும் தொகையைவிட அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

அட்டைப் பெட்டியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது நம்மவர் வழக்கம். துபாய் விமான நிலையம் 2017 மார்ச் முதல் உருண்டையான, தட்டையான பக்கமில்லாத பொதிகளை ஏற்பதில்லை என்று அறிவித்தது. ஜித்தா நிலையமும் துணியில் சுற்றிய, கயிற்றால் கட்டிய மூட்டைகளை மறுத்து அறிவிப்புச் செய்தது. ஆகவே நாற்புறமும் தட்டையான பெட்டியே ஏற்றது. பெயரும், செல்லும் நாட்டு முகவரியும் எழுதிய தாளைப் பெட்டியின் வெளியிலும் உள்ளேயும் வையுங்கள்.

இனி, எதை வைப்பது? பொன்னி அரிசியும் பருப்பும் துபாயிலும் சிங்கப்பூரிலும் கடைகளிலேயே கிடைக்கின்றன. அவற்றைச் சுமந்து செல்வது வீண். உம்மா கையால் இடித்த தூளும், ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரியும் கிடைப்பதரிது. அவை பெட்டியில் இடம் பெறட்டும். மிளகாய் ஊறுகாயைக் கைப்பையில் அனுமதிப்பதில்லை. பெரிய பெட்டியில்தான் வைக்க வேண்டும். அத்தரும் நெய்யும் எண்ணெயும் கைப்பையில் இருந்தால் ஒவ்வொன்றும் 100 மில்லிக்கு மிகாத குப்பியில் இருத்தல் வேண்டும். கொப்பரைத் தேங்காய் தானே தீப்பிடிக்கக்கூடியது என்பதால், 2022 முதல் நம் நாட்டு விமானப் பாதுகாப்புத் துறை அதைப் பெட்டியில் வைப்பதைத் தடுத்துள்ளது. கைப்பேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்க் பெரிய பெட்டியில் இருத்தலாகாது, கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

தாய்மார்களே, இதைக் கூர்ந்து படியுங்கள். நம் பிரியாணிக்கும் குருமாவுக்கும் மணமூட்டும் கசகசா, ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதி அரேபியாவிலும் சிங்கப்பூரிலும் தடை செய்யப்பட்ட பொருள். அபின் செடியின் விதை அது என்பதே காரணம். ஒரு கைப்பிடி கசகசா, மகனைக் காவலில் வைக்கப் போதுமானது. குருமாத் தூளில் அதை அரைத்துச் சேர்த்திருந்தாலும் இதே ஆபத்துதான். எனவே மகனுக்கென்று தனியாக, கசகசா இன்றி அரைத்துக் கொடுங்கள். வெற்றிலையை அமீரகம் தடை செய்துள்ளது. மெல்லும் புகையிலையைச் சிங்கப்பூர் தடை செய்துள்ளது.

மருந்துகளும் இவ்வாறே. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் என்னும் வலி மாத்திரை, அல்பிரசோலாம், டயஸெபாம் போன்ற தூக்க மாத்திரைகள் யாவும் வளைகுடா நாடுகளில் கடுங் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அவற்றுக்கு மருத்துவரின் சீட்டு மட்டும் போதாது. அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் முன் அனுமதியும் வேண்டியிருக்கும். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் உண்ணும் மாத்திரைகளைக்கூட, மருந்தின் பெயர் தெளிவாக உள்ள மருத்துவர் சீட்டோடு, பிரிக்காத அட்டையாகவே கொண்டு செல்லுங்கள்.

இவையெல்லாம் நம் பொருளைப் பற்றியவை. பெட்டியில் ஏறும் பிறர் பொருளே நம்மைப் பெரிதும் சிந்திக்க வைக்க வேண்டியது. "தம்பி, எம் மவனுக்கு ஒரு சின்னப் பொட்டலம், கொண்டு போய்க் குடுத்துடு" என்று ஒரு மாமி கேட்டால், மறுக்க நமக்கு நா எழுவதில்லை. அமானிதத்தைச் சுமப்பது நன்மைதானே என்று எண்ணுகிறோம்.

அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்கும்படி அன்னிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு ஹிஜ்ரத் புறப்பட்டபோது, தம்மிடம் மக்கள் நம்பி ஒப்படைத்திருந்த பொருள்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரலி) அவர்களை அங்கேயே விட்டுச் சென்றார்கள். உயிருக்கே ஆபத்து சூழ்ந்திருந்த அந்த இரவிலும் அமானிதம் மறக்கப்படவில்லை! ஆனால் இன்னின்னாருக்கு இன்ன பொருள் என்று அறிந்தவர்களாலேயே அதை அவ்வாறு திருப்பிக் கொடுக்க முடிந்தது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல், ஒட்டி மூடிய பொட்டலத்தை ஏற்பது அமானிதம் ஆகாது; அது அறியாமையில் ஏற்கும் ஆபத்து.

சிங்கப்பூர்ச் சட்டத்தில் 15 கிராமுக்கு மேல் ஹெராயினோ, 500 கிராமுக்கு மேல் கஞ்சாவோ கடத்தினால் மரண தண்டனை உண்டு. ஒருவரிடம் போதைப் பொருள் இருப்பது நிறுவப்பட்டால், அது இன்னதென்று அவருக்குத் தெரியும் என்றே அச்சட்டம் அனுமானம் கொள்ளும். தெரியாது என்று மெய்ப்பிக்கும் பாரம் பெட்டிக்காரர் மீதே விழும். சவூதியிலும் போதைக் கடத்தலுக்கு மரண தண்டனை இருக்கிறது. 'பெட்டியை நீரே கட்டினீரா?' என்று விமான நிலையத்தில் கேட்கிறார்களே, அது வெறும் சடங்குக் கேள்வியன்று.

அப்படியானால் எப்படி மறுப்பது? முற்றிலும் மறுக்க வேண்டியதில்லை. "மாமி, பொருளைப் பிரித்தபடியே கொண்டு வாருங்கள், என் கண் முன்னே வைத்து நானே கட்டிக்கொள்கிறேன்" என்று பணிவோடு சொல்லுங்கள். நல்ல எண்ணத்தோடு தருபவர் இதற்கு வருந்த மாட்டார். வருந்துபவரின் பொட்டலத்தை ஏற்காமலிருப்பதே நன்று. முன்பின் அறியாதவர் விமான நிலையத்தில் வந்து, "எனக்கு எடை கூடிவிட்டது, இதை மட்டும் கொண்டு வாருங்கள்" என்றால், இரக்கத்தைத் துஆவில் காட்டுங்கள். பையை மட்டும் வாங்காதீர்கள். கொடுப்போருக்கும் ஒரு சொல்: பயணம் போகும் பிள்ளைக்குப் பத்து வீட்டுச் சுமையை ஏற்றுவது உறவாகாது. கூடுதல் எடைக்கு அவன் கட்டும் பணம், இன்னும் வாங்காத முதல் மாதச் சம்பளத்திலிருந்து போவது. பொருள் தருபவர் அதற்குரிய எடைச் செலவையும் சேர்த்துத் தருவதே நீதி.

பெட்டி வந்து சேராமல் போனால் மனம் தளர வேண்டாம். வெளியே வருமுன் அங்குள்ள விமான நிறுவன அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிட்டு, அதன் பிரதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரீல் உடன்படிக்கையை இந்தியா 2009இல் ஏற்றது. வளைகுடா நாடுகளும் சிங்கப்பூரும் மலேசியாவும் அதில் உள்ளன. பெட்டி சேதமானால் 7 நாட்களுக்குள், தாமதமாக வந்தால் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். 21 நாட்களாகியும் வராத பெட்டிக்கு இழப்பீடு கேட்கலாம். ஆகவே கடவுச்சீட்டு, விசா, வேலை ஒப்பந்தம், சான்றிதழ்கள், நகை, பணம் ஆகியவற்றைக் கைப்பையிலேயே வையுங்கள். எல்லாவற்றுக்கும் நகலெடுத்து ஒரு கட்டு வீட்டிலும் இருக்கட்டும்.

இறுதியாக, எடையில்லாத சில சுமைகள் உண்டு. பட்ட கடன் யாருக்கு எவ்வளவு என்பதை எழுதி மனைவியிடமோ அத்தாவிடமோ கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். மனத்தாங்கல் உள்ளவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். ஹஜ்ஜுக்குப் புறப்படுவோருக்குக் கட்டுச்சாதத்தை எடுத்துக்கொள்ளச் சொன்ன இறைவன், அதில் மேலானது இறையச்சமே என்றும் அறிவித்தான். அதற்கு எந்தத் தராசிலும் கூடுதல் கட்டணமில்லை.

சபர் செல்லும் நம் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் நலமாகக் கொண்டு சேர்த்து, நலமாகவே திருப்பித் தருவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.